ஒரு அங்குலம் இறக்கணும்... அவ்ளோதாங்க!

முன்குறிப்பு: இது கார் பதிவு. கவிதை, சினிமா, அரசியல் எதிர்பார்த்து வந்த மக்கள் இப்படியே அப்பீட் ஆகிக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன். காருக்கு நாலு சக்கரம்னு மட்டும் தெரிஞ்சவங்க தைரியமா உள்ள வரலாம். அவங்களுக்கும் புரியற மாதிரிதான் எழுதப் போறேன்.

ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கறவங்க யாரைக் கேட்டாலும் முதல் ஆசை ஒண்ணுதான். வண்டியைக் கொஞ்சம் தரையோட தரையா இறக்கணும். கம்பெனியிலிருந்து வரும்போது டயருக்கும் ஃபெண்டர் வளைவுக்கும் நடுவுல நாலு விரல் நுழையற அளவுக்கு சந்து இருக்கும். பார்க்க, கணுக்காலுக்கு மேல ஏறி நிக்கிற பேண்ட் மாதிரி. அதனால எல்லாரும் கேக்கற முதல் கேள்வி, "எத்தனை இன்ச் இறக்கலாம்?" என்னைக் கேட்டா அது கடைசியா கேக்க வேண்டிய கேள்வி. ஏன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

என்கிட்ட இருக்கறது மஸ்தா மியாட்டா. எம்எக்ஸ்-5னும் சொல்லுவாங்க. 1989ல் சிகாகோ ஆட்டோ ஷோவுல மஸ்தா இதை அறிமுகப்படுத்தினப்போ, "இந்தக் காலத்துல யாருய்யா ரெண்டு சீட்டு காரை வாங்குவான்"னு கேட்டவங்க உண்டு. அப்புறம் அது வித்த கதை உலகத்துக்கே தெரியும். என்னுடையது 1995 மாடல், 1.8 லிட்டர். ஹெட்லைட் தவளை மாதிரி கண்ணைத் தொறந்து எட்டிப் பார்க்கும். எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல. கூரை துணி. சீட்டு ரெண்டே ரெண்டு.

அந்த ரெண்டாவது சீட்டுதான் இந்தக் கதையில வில்லங்கம். அது தங்கமணியோடது. சொல்லப்போனா இந்தக் காரை வாங்கச் சொன்னதே அவங்கதான். 2022ல் அவங்களுக்கு முதுகுல டிஸ்க் நழுவி மூணு மாசம் படுத்த படுக்கை. அப்புறம் நடக்க ஆரம்பிச்சு, ஆபீஸ் போக ஆரம்பிச்சு, எல்லாம் சரியாச்சு. மியாட்டாவைத் தவிர. பெரிய வண்டியில ரெண்டு மணி நேரம் அலட்டிக்காம வருவாங்க. இதுல நாப்பது நிமிஷம் தாண்டினா கையை இடுப்புக்குக் கொடுத்துக்குவாங்க. நாங்க இருக்கறது டெட்ராய்ட் பக்கம். குளிர்காலத்துல தண்ணி ரோட்டுக்குள்ள இறங்கி, உறைஞ்சு, உருகி, மறுபடி உறைஞ்சு, மார்ச் மாசம் பார்த்தா ரோடு பணியாரச் சட்டி மாதிரி ஆயிடும். வண்டியில இருந்த ஷாக் அப்சார்பர்களும் (நம்ம ஊர் மெக்கானிக் அண்ணன் பாஷையில "சாக்கப்ஸர்") எண்ணெய் கசிஞ்சு உயிரை விட்டிருந்துச்சு. எப்படியும் மாத்தியாகணும்.

"மாத்துங்க. ஒரு தடவை சரியா பண்ணிப் பாருங்க. அப்பவும் என்னால உக்கார முடியலைன்னா வித்துடலாங்க. ஒருத்தர் மட்டும் போறதுக்கு எதுக்கு ரெண்டு சீட்டு கார்?" அவங்க கோவமா சொல்லலை. அதான் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

ஆக என் வேலை இது. வண்டி இறங்கணும், வளைவுல ஒழுங்கா திரும்பணும், அவங்க முதுகும் தாங்கணும். பட்ஜெட் 1,500 டாலர். ஸ்பேனர் பிடிக்க ஆளு நான்தான்.

எங்க செட்ல ஒரு அண்ணன் இருக்கார். கேட்டதும் பட்டுனு சொல்லிட்டார், "எதுக்குடா செலவு? இருக்கற ஸ்பிரிங்ல ஒரு சுத்து வெட்டிவிடு, தன்னால இறங்கும்." அண்ணே, உங்க மேல மரியாதை இருக்கு, ஆனா வேண்டாம்ணே. சுருள் ஸ்பிரிங்கோட விறைப்பு மூணு விஷயத்தைப் பொறுத்தது: கம்பியோட தடிமன், சுருளோட விட்டம், எத்தனை சுத்து. கம்பி தடிமன் நாலாம் அடுக்குல வேலை செய்யும். கம்பியை 10 சதவீதம் தடிமனாக்கினா விறைப்பு 46 சதவீதம் ஏறிடும். சுத்தைக் குறைச்சா அதே விகிதத்துல விறைப்பு கூடும். 6 சுத்து வேலை செய்யற ஸ்பிரிங்ல ஒண்ணை வெட்டினா 20 சதவீதம்தான் கூடும். ஆனா வண்டி இறங்கற அளவு அதை விட ரொம்ப அதிகம். அதுவும் போக, சக்கரம் காத்துல தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவி ஆடும். சில பேர் நெருப்பு வச்சு சுருக்குவாங்க. அது எஃகுக்கு ஏத்தின பதத்தையே எடுத்துடும். அதைப் பத்தி பேசவே வேண்டாம்.

சரி, "இறங்கற அளவு அதிகம்"னா என்ன கெட்டுப்போச்சு? இங்கதான் மேட்டரே இருக்கு.

ஷாக் அப்சார்பருக்கு ஒரு தண்டு இருக்கும். சக்கரம் மேல ஏறும்போது தண்டு உள்ள போகும். போயிக்கிட்டே இருந்தா இரும்பும் இரும்பும் மோதிடும்னு, தண்டுல நுரைக்கட்டை மாதிரி ஒண்ணு மாட்டியிருப்பாங்க. அதுக்குப் பேரு பம்ப் ஸ்டாப். சக்கரம் மேல போறதுக்கு அந்தக் கட்டை வரைக்கும்தான் சுதந்திரம். மியாட்டா குட்டி வண்டி, அதுல இந்த இடமே கம்மி. கம்பெனி உயரத்துலயே கொஞ்சம் வேகமா வளைஞ்சா கட்டையைத் தொட்டுடும். தொட்டப்புறம் அந்தக் கட்டையும் ஒரு ஸ்பிரிங்தான், ரொம்ப முரட்டு ஸ்பிரிங். இப்ப வண்டியை ஒரு அங்குலம் இறக்கினா, இருக்கற கொஞ்ச இடத்துலயும் கணிசமான பங்கை சும்மா நிக்கும்போதே தின்னுட்டீங்க. ரெண்டு அங்குலம் இறக்கினா? நீங்க வாங்கின விலை உயர்ந்த ஸ்பிரிங் வேலையே செய்யாது. வண்டி நுரைக்கட்டை மேல ஓடும். "லோயரிங் பண்ணினதும் வண்டி கல்லு மாதிரி ஆயிடுச்சு, ஸ்பிரிங் ரொம்ப ஸ்டிஃப்"னு நிறைய பேர் புலம்புவாங்க. பாதி நேரம் குத்தவாளி ஸ்பிரிங் இல்லை, அந்தக் கட்டை.

முதுகுக்கு இது ஏன் முக்கியம்னா, உக்காந்திருக்கற மனுஷ உடம்பு மேலும் கீழுமா ஆடற அதிர்வுல 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் அதிகமா அவதிப்படும். ஸ்பிரிங் மேல வண்டி மிதக்கற வேகம் அதுக்கு ரொம்பக் கீழ. ஆனா கட்டையில "டங்"னு இடிச்சா அந்த இடியில எல்லா வேகமும் கலந்திருக்கும். தங்கமணி முதுகை வாங்கினது ஆட்டம் இல்லை, இடி. இது எனக்கு எப்படித் தெரியும்? பழைய ஷாக் தண்டுல ஒரு சின்ன பிளாஸ்டிக் ஜிப்-டையை இறுக்காம மாட்டி விட்டேன். வண்டி ஓடும்போது தண்டு எவ்வளவு தூரம் உள்ள போச்சோ அந்த இடத்துல டை தள்ளப்பட்டு நிக்கும். கடைக்குப் போயிட்டு வந்து ஜாக்கி போட்டுப் பார்த்தா நாலு சக்கரத்துலயும் டை கட்டையோட ஒட்டி நிக்குது. பாலும் ரொட்டியும் வாங்கப் போனதுக்கே இந்த கதி!

ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பா இருக்கணும்னு அடுத்த கேள்வி. இங்க கொஞ்சம் கணக்கு வரும், ஓடிடாதீங்க. அமெரிக்காவுல ஸ்பிரிங் விறைப்பை, ஒரு அங்குலம் அமுக்க எத்தனை பவுண்டு வேணும்னு சொல்லுவாங்க. 300 பவுண்டு ஸ்பிரிங்னு விளம்பரம் பார்த்தா, சக்கரத்துக்கும் 300தான்னு நினைச்சுடக் கூடாது. ஸ்பிரிங் சக்கரத்து மேல நேரா உக்காரலை, கீழ் கைக்கு நடுவுல எங்கயோ உக்காந்திருக்கு. சக்கரம் ஒரு அங்குலம் ஏறினா ஸ்பிரிங் முக்கால் அங்குலம் கூட அமுங்காது. முன்பக்கம் சுமார் 0.7. இந்த விகிதம் வர்க்கமா கணக்குல வரும். 0.7 பெருக்கல் 0.7, கிட்டத்தட்ட பாதி. ஆக 300 பவுண்டு ஸ்பிரிங் சக்கரத்துக்குத் தர்றது 150தான்.

ரெண்டு பேர் உக்காந்தா ஒரு சக்கரத்து மேல ஸ்பிரிங் சுமக்கற எடை சுமார் 265 கிலோ. அதை வச்சுப் பார்த்தா முன்பக்கம் வினாடிக்கு 1.6 தடவை ஆடும், அதாவது 1.6 ஹெர்ட்ஸ். சொகுசுக் கார்கள் ஒண்ணுக்குப் பக்கத்துல. ஒண்ணரைக்கு மேல போனா ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டைத் தாண்டினா பந்தயத்துக்கு. இணையத்துல மலிவா விக்கிற காயில்ஓவர் கிட் பலதுல ஸ்பிரிங் இதுக்கு ரெண்டு மடங்கு. கணக்குப் போட்டா 2.2க்கு மேல வருது. பந்தயத் தளம் வழவழன்னு இருக்கும், அங்க சரி. எங்க தெரு பணியாரச் சட்டி. கிட்டுகளை அப்பவே லிஸ்டிலிருந்து அடிச்சுட்டேன்.

"விறைப்பா இருந்தாதானே ஸ்போர்ட்ஸ் கார்?"னு கேக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. மியாட்டாவுக்கு முன்மாதிரின்னு எல்லாரும் சொல்றது 1962ல் வந்த லோட்டஸ் எலான். அந்த வண்டி ஸ்பிரிங் மெத்தோ மெத்து. வண்டி கனமில்லைன்னா விறைப்பு தேவையில்லை, சக்கரம் ரோட்டை விடாம ஒட்டிக்கிட்டு இருந்தா போதும்கிறது அவங்க வழி. சக்கரம் காத்துல துள்ளிக்கிட்டு இருந்தா பிடிப்பு எங்கேருந்து வரும்?

இன்னொரு விஷயம், எங்க டெட்ராய்ட் சரக்கு. மாரிஸ் ஒல்லின்னு ஒரு ஆங்கிலேய இன்ஜினியர், ரோல்ஸ்-ராய்ஸ்ல இருந்துட்டு ஜெனரல் மோட்டார்ஸோட காடிலாக் பக்கம் வந்தவர். 1932 வாக்குல ஏழு பேர் உக்கார்ற ஒரு லிமோசினை எடுத்து, எடைகளை முன்னயும் பின்னயும் நகர்த்தற மாதிரியும், முன் பின் ஸ்பிரிங்கை மாத்தற மாதிரியும் ஏற்பாடு செஞ்சு, உள்ள உக்காந்து ஓட்டிப் பார்த்தாங்க. அளக்கறதுக்குக் கருவி எதுவும் கிடையாது. "எப்ப சுகமா இருக்கு?"னு தங்களையே கேட்டுக்கிட்டாங்க, அவ்வளவுதான். கண்டுபிடிச்சது என்னன்னா, பின்பக்கம் முன்பக்கத்தை விடக் கொஞ்சம் வேகமா ஆடணும். பள்ளத்துல முதல்ல விழறது முன்சக்கரம். பின்சக்கரம் கொஞ்சம் கழிச்சு விழும். பின்னாடி இருக்கறது வேகமா ஆடினா முன்னாடியைப் பிடிச்சுடும், ரெண்டும் சேர்ந்து ஏறி இறங்கும். இல்லைன்னா முன்ன ஏறும்போது பின்ன இறங்கும், ஏத்தம் இறைக்கற மாதிரி. 1934ல் ஜி.எம். கார்கள்ல தனித்தனியா இயங்கற முன்சக்கரங்கள் வந்ததுக்கு இந்த ஆராய்ச்சியும் ஒரு காரணம்.

மியாட்டாவோட முன் பின் சக்கர இடைவெளி 2,265 மி.மீ.தான். 60 மைல் வேகத்துல முன்சக்கரம் விழுந்து 0.084 வினாடில பின்சக்கரமும் விழுந்துடும். இவ்வளவு குட்டி வண்டில ஒல்லி சொன்னதை முழுசா கொண்டு வர முடியாது. ஆனா முன்னாடி மட்டும் முரட்டுத்தனமா ஏத்திட்டு பின்னாடி அப்படியே விட்ட ஸ்பிரிங் செட்டுகளைத் தள்ளிடலாம் இல்லையா? தள்ளினேன்.

ஸ்பிரிங் பத்தி இவ்வளவு பேசினாலும் காசை நான் கொட்டினது ஷாக்ல. ஸ்பிரிங் விறைப்பை ரெண்டு மடங்காக்கினா அதே அடக்கம் இருக்க ஷாக் 1.4 மடங்கு பலமாகணும். கம்பெனி ஷாக்கை வச்சுக்கிட்டு ஸ்பிரிங்கை மட்டும் மாத்தறது, காளையை மாத்திட்டுப் பழைய மூக்கணாங்கயிறையே கட்டற மாதிரி.

கடைசில நின்னது ரெண்டு. ஜெர்மனியோட பில்ஸ்டைன், நெதர்லாந்தோட கோனி. பில்ஸ்டைன் ஒத்தைக் குழாய், உள்ள அழுத்தமா வாயு அடைச்சது. 1957லயே மெர்சிடிஸுக்குப் போட்டுக் கொடுத்தவங்க. மஸ்தாவே 90கள்ல மியாட்டாவோட ஆர் பேக்கேஜ்ல அதைத்தான் போட்டுச்சு. மாட்டினா மறந்துடலாம். கோனி ஸ்போர்ட் மஞ்சள் கலர்ல இருக்கும், தண்டு உச்சில ஒரு திருகு. அதைத் திருப்பினா ஸ்பிரிங் விரியும்போது இருக்கற பிடிமானம் மட்டும் மாறும், அமுங்கும்போது உள்ளது மாறாது. ஸ்பிரிங் உக்கார்ற தட்டையும் மேல கீழ வேற காடியில மாட்டிக்கலாம். நான் கோனி எடுத்தேன். காரணம் ஒண்ணே ஒண்ணு. ஒல்லி லிமோசின்ல ஆளுங்க உக்காந்து சொன்ன மாதிரி என்கிட்டயும் உக்காந்து சொல்ல ஒருத்தங்க இருக்காங்க. அவங்க சொல்றதைக் கேட்டு மாத்தணும்னா திருகு வேணுமே.

அப்புறம் ரெண்டு சில்லறை விஷயம், ஆனா இதுதான் உயிர். அடுத்த தலைமுறை மியாட்டாவோட மேல் மவுண்ட்டை (என்பி மவுண்ட்னு தேடினா கிடைக்கும்) நம்ம பழசுல மாட்டலாம். தண்டுக்கு உள்ள போக இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும். அதோட குட்டையான, மெதுவா அமுங்கற பம்ப் ஸ்டாப். ரெண்டுக்கும் ஆன செலவு ஸ்பிரிங் செலவுல பாதி கூட இல்லை. பலன் கேட்டா ஸ்பிரிங்கை விட இதுக்குத்தான் என் ஓட்டு.

இப்பதான் முதல் கேள்வி. எவ்வளவு இறக்கறது? காரோட எடை மையம் தரையிலிருந்து 18 அங்குல உயரத்துல இருக்குன்னு வச்சுக்குங்க. ஒரு அங்குலம் இறக்கினா, வளைவுல உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிச் சக்கரத்துக்கு மாறற எடை 18ல ஒரு பங்கு குறையும். அஞ்சரை சதவீதம். அவ்ளோதான் லாபம்! மீதி எல்லாம் அழகுக்கு. அழகு வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன், பார்க்கிங்ல விட்டுட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போற ஆளு நான். ஆனா அஞ்சரை சதவீதத்துக்காக சக்கரத்தோட பாதி சுதந்திரத்தை விக்கறது நல்ல வியாபாரமா படலை. சக்கரத்து ஹப் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் அளந்தா (டயர் சைஸ் மாறினாலும் இந்த அளவு மாறாது, அதனால இப்படித்தான் அளக்கணும்) முன்ன 14 அங்குலம், பின்ன அதுக்குக் கொஞ்சம் மேல இருந்துச்சு. ஒரே ஒரு அங்குலம்னு முடிவு பண்ணினேன்.

மாட்டின கதை சுருக்கமா. மிச்சிகன்ல பனிக்கு ரோட்டுல உப்பு கொட்டுவாங்க, அதனால எந்த போல்ட்டும் மரியாதையா கழலாது. மூணு நாள் முன்னாடியே துரு எண்ணெய் அடிச்சு வச்சேன். வீல் அலைன்மென்ட்டுக்குத் திருப்பற கேம் போல்ட் இறுகிப் போயிருந்தா, வண்டியை இறக்கினப்புறம் சக்கரச் சாய்வைச் சரி பண்ணவே முடியாது. அதனால எதையும் வாங்கறதுக்கு முன்னாடியே அந்த போல்ட்டெல்லாம் சுத்துதான்னு பார்த்துக்கிட்டேன். நீங்களும் பாருங்க. இன்னொண்ணு, கைகள்ல இருக்கற ரப்பர் புஷ் போல்ட்டை வண்டி தொங்கும்போது இறுக்கக் கூடாது. நாலு சக்கரமும் தரையில நின்னு எடை ஏறினப்புறம்தான் கடைசி இறுக்கு. இல்லைன்னா ரப்பர் முறுக்கிக்கிட்டு வண்டியைத் தூக்கியே வச்சிருக்கும், சீக்கிரம் கிழியும். அலைன்மென்ட்ல முன்ன 1 டிகிரி, பின்ன கிட்டத்தட்ட ஒண்ணரை டிகிரி உள்சாய்வு வைக்கச் சொன்னேன்.

முதல் வாரம் ஜிப்-டை மாட்டி, தங்கமணி சீட்டுல அரிசி மூட்டையைக் கட்டி ஓட்டினேன் (சிரிக்காதீங்க, பொன்னி அரிசி 20 பவுண்டு, மூணு மூட்டை). அதே கடை, அதே தெரு. இந்தத் தடவை டை கட்டைக்கு முன்னாடியே நின்னிருந்தது. முன்ன 14 மி.மீ. மிச்சம், பின்ன 9. மூட்டையை இறக்கி வச்சுட்டு, "வர்றியா?"ன்னு கேட்டேன். அவங்க ஒண்ணும் பேசாம சுரிதார் துப்பட்டாவை இடுப்புல சுத்திக்கிட்டு வந்து உக்காந்தாங்க. பெல்ட் இல்லாம வந்தாங்க. முதுகுக்குப் போடற பெல்ட்டைச் சொல்றேன்.

அக்டோபர்ல இலையெல்லாம் நிறம் மாறினப்போ டிராவர்ஸ் சிட்டி கிளம்பினோம். இங்கேருந்து சுமார் 250 மைல். அங்கேருந்து ஏரிக்கரையை ஒட்டி எம்-22 ரோடு, வளைஞ்சு வளைஞ்சு போகும். மியாட்டாவுக்குன்னே போட்ட மாதிரி. போகும்போது ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தினோம். அதுல ரெண்டு தடவை காபிக்காக, முதுகுக்காக இல்லை.

திரும்பும்போது "சாவியைக் கொடுங்க"ன்னாங்க. முப்பது வருஷ வண்டி, வாங்கினதுலேருந்து நான் வலது சீட்டுல உக்காந்தது அன்னைக்குத்தான். ஐ-75ல கான்கிரீட் பலகை பலகையா இருக்கற இடம் ஒண்ணு வந்தது. டக்டக், டக்டக்னு ஒரே தாளம். பத்துப் பதினஞ்சு தட்டுக்கப்புறம் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமா கீழ உக்கார்ற மாதிரி தெரிஞ்சது. ஸ்டீயரிங் பிடிச்சிருக்கும்போது இது உறைக்காது, சும்மா உக்காந்திருக்கும்போது நல்லாத் தெரியுது. விரியற பிடிமானம் ஒரு பொட்டு அதிகம். ஒரு தட்டுல அமுங்கின ஸ்பிரிங் முழுசா விரியறதுக்குள்ள அடுத்த தட்டு வந்துடுது. ரெஸ்ட் ஏரியாவுல நிறுத்தச் சொல்லி, டிரங்க்ல இருந்த பையையும் உலர்ந்த செர்ரி பாக்கெட்டுகளையும் கீழ எறக்கி, கார்ப்பெட்டைத் தூக்கி, ரெண்டு பின் திருகையும் கால் சுத்து இளக்கினேன்.

மறுபடி ரோட்டுக்கு வந்து அஞ்சு நிமிஷம் கழிச்சு, "என்ன பண்ணீங்க? எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே"ன்னாங்க.

"உன் சீட்டுல உக்காந்தாத்தான் தெரியும்"னேன். வீடு வரைக்கும் அவங்கதான் ஓட்டினாங்க.

பி.கு.: ஸ்டாக் ஸ்பிரிங் நாலும் கராஜ்ல சும்மா கிடக்கு. வெட்டாத ஸ்பிரிங் :-) யாருக்காவது வேணும்னா பின்னூட்டத்துல சொல்லுங்க.